ஒரு தலைவரை எதைக் கொண்டு அளப்பது? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கேள்வி

படிப்பகத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நாங்கள் பதினைந்து பேர் மாதம் ஒரு முறை கூடிப் படித்ததைப் பேசும் சிறிய வட்டம் ஒன்றை நடத்தி வருகிறோம். சென்ற மாதக் கூட்டத்தில், ம.இ.கா. எனப்படும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியின் முன்னாள் தலைவர் துன் சம்பந்தனைப் பற்றிய பேச்சு எழுந்தது. சிறிது நேரத்தில் அது, அதே கட்சிக்குப் பின்னாளில் தலைவரான சாமிவேலுவைப் பற்றிய வாக்குவாதமாக மாறிப் பெரியவர்கள் இருவர் ஒருவரோடொருவர் முகம் கொடுக்காமல் எழுந்து போகும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒருவர் "குணத்தில் பெரியவர் யார் என்று பாருங்கள்" என்றார். மற்றவர் "குணம் வீட்டோடு போகட்டும், ஊருக்கு என்ன செய்தார் என்று சொல்லுங்கள்" என்றார். இரண்டுமே நியாயமாகப் பட்டதால் நான் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, மறைந்த என் பாட்டியின் தகரப் பெட்டியைத் திறந்தேன். மடித்து வைத்த சேலைகளுக்கு அடியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சீட்டு ஒன்று நெகிழித் தாளில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. பாட்டி கைநாட்டு வைப்பவர். பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்து, பெற்ற கூலியில் மாதம் 10 வெள்ளியாகப் பத்து மாதம் கட்டி 100 வெள்ளிப் பங்கு ஒன்றை வாங்கியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் எந்த நம்பிக்கையில் அவ்வளவு பணத்தைக் கொடுத்தார் என்பதை எண்ணி எனக்கு வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் இதையே பொருளாக வைக்க விரும்புகிறேன். ஒரு தலைவருடைய தனிப்பட்ட குணத்தையும் அவர் விட்டுச் சென்ற செல்வாக்கையும் தனித்தனியாக எடை போட முடியுமா? முடியும் என்றால் எதைக் கொண்டு? தோட்டப்புற வாழ்க்கையை அறிந்தவர்கள் பதில் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய கிராணி எழுதியது:

தம்பி, உங்கள் பாட்டியின் பங்குச் சீட்டைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் 1970-களில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, வேலை பார்த்தவன். ஆகவே நான் சொல்லப் போவது தராசுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது.

பகல் வெயில் ஏறும் நேரத்தில் தொழிலாளர்கள் காண்டா வாளியைத் தோளில் சுமந்து பால் கொட்டகைக்கு வருவார்கள். பாலை நிறுத்து, அதன் கெட்டியை அளந்து, எண்ணைப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. வாளி தராசில் ஏறியவுடன் பெண்கள் பலர் கால் நுனியில் நின்று, என் தோளுக்கு மேலாக எட்டி, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு எண் படிக்கத் தெரியாது. இருந்தும் பார்ப்பார்கள். சில தோட்டங்களில் அவர்கள் எட்டிப் பார்த்தால் அதட்டுவார்கள், "உனக்கு என்ன தெரியும், போய் வரிசையில் நில்" என்பார்கள். நானும் ஓரிரு முறை அப்படிச் சொல்லியிருக்கிறேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

தலைவர்களைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தராசுதான் நினைவுக்கு வரும். முள்ளை எட்டிப் பார்க்க விடுகிறவரா, அதட்டி அனுப்புகிறவரா என்றுதான் நான் கேட்பேன்.

சம்பந்தன் உங்கள் ஊரிலேயே 1919-இல் பிறந்தவர். தந்தையார் வீராசாமி கூலியாக வந்து தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர் என்பதால் பசி அறியாத வீட்டில் வளர்ந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அப்படிப்பட்டவர் 1955-இல் ம.இ.கா. தலைவரானதும் கட்சியின் பேச்சைத் தமிழுக்குத் திருப்பித் தோட்டத் தொழிலாளர்களை உள்ளே கொண்டுவந்தார். சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றார்கள். தோட்டம் துண்டாடப்பட்டால் வேலை போகும். தொழிலாளர் வரிசை வீடான லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது என்பதால் அதே நாளில் வீடும் போகும், கோயிலும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையும் போகும். பேராசிரியர் உங்கு அசிஸ் மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இந்தச் சூழ்நிலையில்தான் 1960-இல் சம்பந்தன், தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்குவதற்காக, உங்கள் பாட்டி பங்கு வாங்கிய அந்தக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது.

உங்கள் பாட்டி எந்த நம்பிக்கையில் கொடுத்தார் என்று கேட்டீர்கள். கூட்டுறவில் ஆளுக்கு ஒரு வாக்கு. கணக்கு ஆண்டுதோறும் உறுப்பினர் முன் வைக்கப்பட வேண்டும். ஆட்களின் மேல் வைத்த நம்பிக்கையோடு, கணக்கு காட்டும் ஓர் ஏற்பாட்டின் மேல் வைத்த நம்பிக்கையும் அதில் இருந்தது. அந்த ஏற்பாடு சம்பந்தன் 1979-இல் மறைந்த பிறகும் நடக்கிறது.

குறையைச் சொல்லாமல் விடவும் மனம் இடம் தரவில்லை. 1969-இல் வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டபோது குடியுரிமை இல்லாத ஆயிரக்கணக்கான தமிழர்கள் வேலை இழந்து கப்பலேறினார்கள். அப்போது அவர் அமைச்சரவையில் இருந்தார். என் தாய்மாமன் குடும்பமும் அந்தக் கப்பல்களில் ஒன்றில் போனது. நல்ல குணமுள்ள ஒருவர் அதிகாரத்தின் உள்ளே இருந்தும் தடுக்க முடியாமல் போனது ஏன் என்ற கேள்விக்கு இன்றுவரை என் மனத்துக்கு ஒத்த பதில் கிடைக்கவில்லை.

கெமோர்க்காரன் எழுதியது:

கிராணி ஐயாவின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இருந்தாலும் சாமிவேலுவைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாமல் விட்டது சரியல்ல. சுங்கை சிப்புட்டில் 1974 முதல் 2008 வரை 34 ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவரை ஒதுக்கிவிட்டு இந்த ஊரில் செல்வாக்கைப் பற்றிப் பேச முடியாது.

அவர் தோட்டத்துப் பிள்ளை. ஜொகூர் குளுவாங்கில் பால்மரம் வெட்டும் குடும்பத்தில் பிறந்து, பேருந்து நடத்துநராக வேலை பார்த்து, வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்து, கட்டட வரைகலை படித்து மேலே வந்தவர். இத்தகைய ஒருவர் பொதுப்பணி அமைச்சராகி நாட்டின் நெடுஞ்சாலைகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் பதில் சொன்னபோது, லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்தி கேட்ட என் தந்தையின் முகத்தில் நான் கண்ட நிமிர்வை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது. செல்வாக்கு என்பதில் அதுவும் சேரும். கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் எழுந்தது அவருடைய விடாப்பிடியால். அங்கே படித்து மருத்துவரான பிள்ளைகள் தோட்டப்புறக் குடும்பங்களிலும் உண்டு.

மைக்காவைக் கேட்பீர்கள் என்று தெரியும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ம.இ.கா.வின் முதலீட்டு நிறுவனமாக 1982-இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் சாதாரண மக்கள் பல்லாயிரம் பேர் ஒரு வெள்ளிக்கு ஒரு பங்கு என்று வாங்கினார்கள். நகையை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு. 2010-இல் அந்தப் பங்கு 80 சென்னுக்குத் திரும்ப வாங்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்குப் போட்ட முதலே முழுதாக வரவில்லை. இதில் அவருக்குப் பொறுப்பு இல்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் ஒரு மனிதருடைய 34 ஆண்டுகளை அந்த 20 சென் குறைவில் மட்டும் அடைத்துவிடுவது நேர்மையான அளவை ஆகாது.

லயத்து மகள் எழுதியது:

மூவரும் கட்சித் தலைவர்களைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். அமைச்சர் பதவியில் உட்காராத தலைவர்களை நாம் ஏன் இவ்வளவு எளிதாக மறந்துபோகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. அதன் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதே அது. காசு பெறாத கோரிக்கை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் தன் காசில் வாங்கிய மிதிவண்டியிலிருந்து தன் பிள்ளைகளின் கண்ணெதிரே இறங்கித் தலை குனிந்து நின்றவருக்குத்தான் அதன் விலை தெரியும். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்து சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அடுத்து எஸ். ஏ. கணபதி. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவரை 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. இந்திய அரசு உயிர்ப்பிச்சை கேட்டும் பயனில்லை. அதற்கு முதல் நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். உங்கள் சுங்கை சிப்புட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 1948 ஜூன் 16-இல் உங்கள் ஊரை ஒட்டிய தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் நாடெங்கும் விரிந்தது. தோட்டத்தில் சங்கம் என்று வாய் திறக்கவே அஞ்சிய காலம் அது.

அந்த அச்சத்தின் நடுவிலே பி. பி. நாராயணன் போன்றவர்கள் 1954-இல் சிதறிக் கிடந்த சங்கங்களை ஒன்றாக்கித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கினார்கள். மிதமானவர், முதலாளிகளோடு அளவுக்கு மீறி இணங்கிப் போனவர் என்று அவரைக் குறை கூறுவோர் உண்டு. அந்தக் குறையில் எனக்கும் ஓரளவு உடன்பாடு உண்டு. ஆனாலும் துரை வாய்மொழியாகச் சொன்னதே கூலி என்றிருந்த இடத்தில், இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வந்தது. கிராணி ஐயா சொன்ன தராசை நான் மறுக்கவில்லை. அந்த முள்ளை எட்டிப் பார்க்கலாம் என்ற துணிவைத் தொழிலாளிக்கு முதலில் கொடுத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்கிறேன்.

படிப்பகத்தான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. லயத்து மகள் அக்காவிடம் ஒன்று கேட்கிறேன். கணபதி மறைந்தபோது அவருக்கு அமைப்பு என்று எதுவும் மிஞ்சவில்லை. கிராணி ஐயாவின் அளவுகோலின்படி அவருக்குப் பின்னால் நிலைத்து நின்றது ஒன்றும் இல்லை. அப்படியானால் அவருடைய செல்வாக்கை எங்கே தேடுவது?

லயத்து மகள் எழுதியது:

தம்பி, அமைப்பு மிஞ்சவில்லை என்பது உண்மை. மிஞ்ச விடவில்லை என்பது அதைவிட உண்மை. என் தந்தை தம் மூத்த மகனுக்குக் கணபதி என்று பெயர் வைத்தார். பிள்ளையார் பெயர் என்றே நாங்கள் நெடுங்காலம் நினைத்திருந்தோம். தந்தை இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் எந்தக் கணபதி என்று சொன்னார். அதுவரை சொல்லாததற்குக் காரணம் பயம். பயந்துகொண்டே வைத்த பெயர் அது. செல்வாக்கைத் தேடும்போது இந்த மாதிரி இடங்களையும் பாருங்கள்.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

நான் நீளமாக எழுதப் பழகியவள் அல்லள். இருந்தாலும் மலேசிய சோசலிசக் கட்சியைச் சேர்ந்த மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜின் பெயர் இல்லாமல் இந்தப் பேச்சு முடியக் கூடாது. 1999-இலும் 2004-இலும் சாமிவேலுவை எதிர்த்து நின்று தோற்று, மூன்றாம் முறை 2008-இல் வென்றவர். 2011-இல் அவரையும் தோழர்கள் ஐவரையும் விசாரணை இல்லாமல் ஏறத்தாழ நான்கு வாரம் அடைத்து வைத்தார்கள். 2018-இல் தோற்றார்.

அவருடைய கூட்டங்களில் நான் கவனித்தது ஒன்றுதான். வீட்டிலிருந்து வெளியேறும்படி அறிவிப்பு பெற்ற தோட்டத்து மக்கள் வந்து "டாக்டர், நீங்கள் மேனேஜரிடம் பேசுங்கள்" என்பார்கள். அவர் கடிதத்தை வாங்கிப் படித்து, சட்டம் என்ன சொல்கிறது என்பதை விளக்கி, "நீங்கள் பேசுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்" என்பார். சிலருக்கு அது பிடிக்கவில்லை. தலைவர் என்றால் நமக்காகத் தொலைபேசியை எடுத்து ஒரு வார்த்தை சொல்பவர் என்ற பழக்கம் நமக்கு. 2018 தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. நாடு முழுவதும் வீசிய அலையில் அவருடைய சிறிய கட்சி தனித்து நின்றது பெரிய காரணம். அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கெமோர்க்காரன் எழுதியது:

அம்மா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்தத் தொலைபேசி அழைப்பைக் கேவலமாக நினைக்காதீர்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க முடியாமல் தவித்த தாய்க்குச் சட்ட விளக்கம் பிறகு. முதலில் யாராவது ஒருவர் பேசித் தீர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த அவசரத்தில் நின்றவர்கள் ஏன் அப்படி வாக்களித்தார்கள் என்பதும் உங்கள் கூட்டத்தில் பேசப்பட வேண்டும்.

படிப்பகத்தான் எழுதியது:

அப்படியே செய்கிறேன், அண்ணன். சென்ற முறை எழுந்து போன பெரியவர்கள் இருவரையும் நேரில் போய் அழைத்துவிட்டேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டியின் பங்குச் சீட்டை மேசையில் வைக்கப் போகிறேன். கிராணி ஐயா, உங்களிடம் அந்தக் காலத்துப் பால் கணக்குப் புத்தகம் ஏதேனும் மிஞ்சியிருந்தால், ஒரே ஒரு பக்கமாக இருந்தாலும், கொண்டு வர முடியுமா? ஈப்போவிலிருந்து பேருந்து உண்டு. நிறுத்தத்தில் நானே வந்து அழைத்துப் போகிறேன்.

பழைய கிராணி எழுதியது:

ஒரு புத்தகம் இருக்கிறது, தம்பி. கரையான் ஓரத்தை அரித்திருக்கிறது, எண்கள் தெளிவாகத்தான் இருக்கின்றன. கொண்டு வருகிறேன். இந்த முறை யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கட்டும்.