இடுப்பு முறிவுக்கு ரோபோ ஒபரேஷன்: ஒரு கிழமை பொறுக்கலாமா?

கொட்டகலை_மருமகன்:
மாமிக்கு 74 வயசு. லயத்துப் படியில வழுக்கி விழுந்து நேத்துப் பின்னேரம் நுவரெலியா ஆஸ்பத்திரியில அட்மிட். தொடை எலும்புக் கழுத்து முறிவு, கார்டன் 4 (விலகினதுல கடைசித் தரம்). நாளைக்கே பைபோலார் (பந்தை மட்டும் மாத்துற அரை மூட்டு) வைக்கலாம்னு டொக்டர் சொல்றார். வெளிநாட்டு மச்சானோ, ரோபோவால செஞ்சா பிசகாது, இந்தியாவுக்குக் கொண்டு போவம், ஒரு கிழமை பொறுங்கங்கிறார். விழுறதுக்கு முந்தி மாமி தடி இல்லாமத்தான் நடந்தாங்க. என்ன செய்யலாம்?

தியேட்டர்_தாதி:
பொறுக்க வேணாம் தம்பி. கார்டன் 4ன்னா பந்து கழுத்தை விட்டு முழுசா விலகிட்டு. அந்தப் பந்தை இனிக் காப்பாத்த அவசரம் இல்ல, அவசரம் மாமிக்குத்தான். படுத்தே கிடந்தா நிமோனியா, கால்ல இரத்தக் கட்டி, படுக்கைப்புண். அதனாலதான் 36 - 48 மணித்தியாலத்துக்குள்ள முடிக்கப் பார்க்கிறாங்க.

மச்சானுக்கு இதையும் சொல்லுங்க: மேக்கோ மாதிரி ரோபோக் கையோட முக்கிய வேலை இடுப்புக் குழியைத் துருவி கப், அதாவது செயற்கைக் கிண்ணம் பதிக்கிறது. பைபோலார்ல குழியைத் துருவுறதே இல்ல. அங்க அதுக்கு என்ன வேலை?

இம்ப்ளான்ட்_பெட்டி:
பந்தோட குழியையும் சேர்த்து மாத்துற முழு மாற்றுன்னா ரோபோவுக்கு வேலை இருக்கு. சீடி ஸ்கேன் எடுத்து கப் சைஸ், சுமார் 40 பாகை சரிவு, 20 பாகை முன்திருப்பம் (கப் முன்பக்கம் பார்க்கிற அளவு)னு திட்டம் போடுவாங்க. மேசையில இடுப்பெலும்பு மேல்விளிம்புல உலோக ஊசி (பின்) அடிச்சு, கமரா பார்க்கிற அடையாளத் தட்டை மாட்டுவாங்க. எலும்பைப் பல புள்ளியில தொட்டு ஸ்கேனோட பொருத்தின பிறகுதான் ரீமர், அதாவது குழியைத் துருவுற கருவி. பிடிக்கிறது சர்ஜன்தான், திட்டத்தை விட்டு விலகினா கை தடுக்கும். 1992ல வந்த ரோபோடொக் தொடை எலும்பைத் தானே குடைஞ்சது, அது வேற சாதி.

பிசகுறது எங்கன்னா, சத்துக் கெட்ட எலும்புல அந்த ஊசி ஆடும். ஆடினா திரையில காட்டுற பாகை அத்தனையும் பொய். அதுக்குத்தான் எலும்புல அடையாளமா வைக்கிற செக்பொயின்ட் திருகு. துருவ முந்தி அதைத் தொட்டுச் சரிபார்க்கணும். அடுத்தது கால் நீளம். முறிஞ்ச தொடை மேல ஏறிக் கிடக்கிறதால அந்தப் பக்கத்து அளவு செல்லாது, நல்ல காலை வச்சுத்தான் கணக்கு. கப் சரியா இருந்தும் ஸ்டெம் (தொடை எலும்புக்குள்ள இறங்குற தண்டு) திரும்பி உட்கார்ந்தா மூட்டு கழரும். முறிவுக்கு வைக்கிற முழு மாற்று, தேய்மானத்துக்கு வைக்கிறதை விட கூடுதலாக் கழரும். என்னைக் கேட்டா, அந்தப் பயத்துக்கு ரோபோவை விட, பந்து ரெண்டு இடத்துல அசையுற டுவல் மொபிலிட்டி கப்தான் நேர் வழி.

கொட்டகலை_மருமகன்:
அப்ப முழு மாற்றே கேட்கவா?

தியேட்டர்_தாதி:
கேட்டுப் பாருங்க, ஆனா அதுக்காகத் தள்ளிப் போடாதீங்க. முழு மாற்றையும் அரை மாற்றையும் ஒப்பிட்டு 2019ல வந்த ‘ஹெல்த்’ (HEALTH)ங்கிற ஆய்வுல, 2 வருசத்துக்குள்ள மறு ஒபரேஷன் ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. நடமாட்டத்துல முழு மாற்று கொஞ்சம்தான் முன்னுக்கு. ஸ்டெம்முக்கு சீமெந்து வைப்பாங்களான்னு கேளுங்க. இந்த வயசுல வச்சா ஸ்டெம்மைச் சுத்தி எலும்பு வெடிக்கிறது குறையும். சீமெந்தை அழுத்தும்போது பிரஷர் சடார்னு இறங்கலாம், அதனால நெஞ்சு வருத்தம் இருந்தா மயக்க டொக்டருக்குத் தெரியணும். குளோபிடோக்ரல் மாதிரி இரத்தம் இளக்கிற மாத்திரை குடிக்கிறாங்கன்னா இன்னைக்கே சொல்லுங்க.

பிசியோ_பதுளை:
மறுநாளே வோக்கரோட எழும்பி நிற்க வைப்பாங்க, வலிக்குதேன்னு நீங்க தடுக்காதீங்க. பின்பக்கத்தால வெட்டியிருந்தா இடுப்பை 90 பாகைக்கு மேல மடக்கக் கூடாது, கால் மேல கால் போடக் கூடாது. லயத்துல அதுதான் பெரிய சிக்கல்: குந்துற கக்கூஸ், அடுப்படிப் பலகை. மாமி வீட்டுக்கு வர முந்தி கொமட் கதிரை ஒண்ணு எடுத்து வைங்க, இருக்கை அவங்க முழங்காலை விட உயரமா இருக்கணும். இஸ்தோப்புப் படியில ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஒபரேஷன் செஞ்ச கால் முதல்ல. கைபிடிக்கு ஒரு பைப்பையாவது அடிச்சு விடுங்க.