ஏற்காடு ஏத்தத்துல இன்ஜின் லைட் சிமிட்டுது. ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் இசியூவோட பேச மாட்டேங்குது

அஸ்தம்பட்டி_ஹேட்ச்பேக் (கேள்வி)

2017 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், பிஎஸ்-4, டர்போ இல்லை. டவுனுக்குள்ள ஒரு தொந்தரவும் இல்லீங்க. அடிவாரம் தாண்டி கொண்டை ஊசி வளைவுகள்ல மூணாவது கியர்ல அழுத்தி மிதிச்சா உதறுது, இன்ஜின் லைட் சிமிட்டுது. மேல ஏரிப்பக்கம் சமதளம் வந்ததும் சிமிட்டறது நின்னு, லைட் மட்டும் அப்படியே எரியுது.

வண்டியோட ஓபிடி சாக்கெட்ல (கோளாறு கோடு படிக்கிற சாக்கெட்) மாட்ட, இஎல்எம்327னு (உள்ள இருக்கிற சிப்போட பேரு) போட்ட ப்ளூடூத் அடாப்டர் வாங்கினேன். ஆண்ட்ராய்டு போன்ல பேர் ஆகுது, அடாப்டர்ல சிவப்பு லைட்டும் எரியுது. ஆனா டார்க், கார் ஸ்கேனர் ரெண்டு ஆப்லயும் இசியூ (இன்ஜினை இயக்கற கம்ப்யூட்டர்) பதில் தரலைன்னே வருது. வீட்டு ஐபோன்ல அடாப்டர் பேரே காட்டலை. அடாப்டரே டூப்ளிகேட்டா? ஷெட்ல விடறதுக்கு முன்னாடி என்ன கோடுன்னு தெரிஞ்சுக்கணும்.

கோரிமேடு_எலக்ட்ரிக்கல்

ஐபோனை விட்டுடுங்க. பழைய வகை ப்ளூடூத் அடாப்டர் அதோட சேராது. ப்ளூடூத் 4.0 லோ எனர்ஜி வகையோ வைஃபை வகையோதான் வேணும். லோ எனர்ஜி வகைன்னா செட்டிங்ஸ்ல பேர் பண்ணாம நேரா ஆப்புக்குள்ள இருந்தே சேர்க்கணும். வைஃபை வகைக்கு பெரும்பாலும் 192.168.0.10, போர்ட் 35000.

சிவப்பு லைட் எரியறதால இசியூவோட பேசுதுன்னு அர்த்தம் இல்லை. சாக்கெட்ல 16ஆம் பின்ல பேட்டரி கரண்ட் எப்பவும் இருக்கும், சாவியே இல்லாட்டியும் எரியும். முதல்ல சாவியை ஏசிசில நிறுத்தாம முழுசா ஆன்ல வைங்க, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினா இன்னும் நல்லது. ஒரு ஆப்பை போர்ஸ் ஸ்டாப் பண்ணிட்டு மத்ததைத் திறங்க. ரெண்டும் பின்னணில ஓடினா ஒண்ணு இணைப்பைப் பிடிச்சு வச்சுக்கும். புது ஆண்ட்ராய்டுல ஆப்புக்கு பக்கத்து டிவைஸ் அனுமதியும், பழசுல லொகேஷன் அனுமதியும் குடுத்திருக்கணும்.

அப்புறமும் வரலைன்னா அடாப்டரைக் கழட்டிட்டு டார்ச் அடிச்சு சாக்கெட்டைப் பாருங்க. அகலமான பக்கம் மேல வர்ற மாதிரி பார்த்தா மேல் வரிசை இடமிருந்து 1–8, கீழ் வரிசை 9–16. மேல ஆறாவது ஓட்டையிலயும் அதுக்கு நேர் கீழ 14லயும் தகடு இருந்தா கேன் (இசியூவோட பேசற புது வழி). அந்த ரெண்டும் காலியா இருந்து 7ல மட்டும் தகடு இருந்தா கே-லைன் (பழைய வழி). மலிவான அடாப்டர் சிக்கறது இங்கதான். 2.1னு பதிப்பு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினதுல பலதுக்குள்ள கே-லைன் சர்க்யூட்டே இருக்காது. 1.5னு ஒரு பதிப்பை அசல் சிப் செஞ்ச எல்ம் கம்பெனி வெளியிட்டதே இல்லை, ஆனா அந்த நம்பர் போட்ட நகல்ல பலது வேலை செய்யுது. அதனால ஸ்டிக்கரைப் பார்த்து எதையும் முடிவு பண்ணாதீங்க.

கேன்னு தெரிஞ்சா ஆப் தானா தேடற ஆட்டோ தேர்வை நம்பாம, செட்டிங்ஸ்ல புரோட்டோகாலை (பேச்சு முறை) ஐஎஸ்ஓ 15765-4, 11 பிட், 500 கே-ன்னு கையால தேர்ந்தெடுங்க. நகல் சிப் தானா புரோட்டோகால் தேடும்போது பாதில நின்னுடும்.

ஏற்காடு_ரோடு

ப்ளூடூத் ஒரு பக்கம் இருக்கட்டும், சிமிட்டற லைட்டை முதல்ல கவனிங்க. நிலையா எரிஞ்சா பார்த்துக்கலாம். சிமிட்டினா மிஸ்ஃபயர் (சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம போறது): எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதை உருக்கும். அந்த நேரத்துல ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி ரெண்டாவது கியருக்கு வந்துடுங்க. குறைஞ்ச ஆர்பிஎம்ல பெரிய கியர் போட்டு இழுக்கும்போதுதான் சிலிண்டர் அழுத்தம் ஏறி ஸ்பார்க்குக்கு அதிக வோல்டேஜ் தேவைப்படும். தேஞ்ச ஸ்பார்க் பிளக்கும், அதுக்கு வோல்டேஜ் தர்ற பலவீனமான காயிலும் ஐடிலிங்ல சமாளிச்சுடும், ஏத்தத்துல காட்டிக் குடுத்துடும்.

இணைஞ்சதும் கோடை அழிக்காதீங்க. முதல்ல ஃப்ரீஸ் ஃப்ரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கங்க. கோடு பதிவான நொடியில ஆர்பிஎம், லோடு, கூலன்ட் சூடு எவ்வளவுன்னு அதுல இருக்கும். அழிச்சா அதோட அதுவும் போயிடும், மானிட்டர்களும் (இசியூ தானா செய்யற சோதனைகள்) புதுசா ஓடி முடிக்கணும். பேட்டரி ஒயரைக் கழட்டினாலும் பல வண்டில இதே கதிதான். ஷெட்டுக்காரர்கிட்ட இதை முன்னாடியே சொல்லி வைங்க.

மலையில பதிவு பண்றப்ப எல்லா மீட்டரையும் தட்டி விடக்கூடாது. அடாப்டர் ஒவ்வொண்ணா கேட்டு வாங்கும், இருபது கேட்டா எல்லாமே மெதுவாயிடும். ஆர்பிஎம், லோடு, கூலன்ட், மேப் (இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தம்), ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம் (இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கற சதவீதம்) போதும். போனைப் பக்கத்து சீட்காரர் பார்க்கட்டும்.

மேப் சென்சாரைச் சோதிக்க ஏற்காடே நல்ல கருவி. இன்ஜின் ஓடாம சாவி ஆன்ல இருக்கிறப்ப மேப் வெளிக்காத்து அழுத்தத்தைத்தான் காட்டணும். சேலத்துல ஏறக்குறைய 98 கிலோ பாஸ்கல், 1500 மீட்டர் உயரத்துல 84–85. மேலயும் 98ஏ காட்டினா சென்சார்ல கோளாறு.

இறங்கும்போது கியர்லயே விட்டு வர்றப்ப ஆக்ஸிஜன் சென்சார் பூஜ்யத்துக்கு விழும், ஃப்யூயல் ஸ்டேட்டஸ் ஓப்பன் லூப்னு (அந்த சென்சாரைப் பார்க்காம ஓடறது) வரும். பயப்பட வேண்டாம். இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திடுது, அவ்வளவுதான்.

சங்ககிரி_லோடு

இதே அடாப்டரை பிஎஸ்-6 லாரில போடலாமாங்ணா? அதே மாதிரி 16 பின் சாக்கெட்தான் இருக்கு.

கோரிமேடு_எலக்ட்ரிக்கல்

வேண்டாம். அங்க 24 வோல்ட். சாக்கெட்டுக்கு நடுவுல இருக்கிற பள்ளம் தொடர்ச்சியா இருந்தா 12 வோல்ட், நடுவுல தடுப்பு வந்து ரெண்டா உடைஞ்சிருந்தா 24. கார் பிளக் அதுல ஏறாத மாதிரிதான் செஞ்சிருக்காங்க, அழுத்தி ஏத்திடாதீங்க. மலிவான அடாப்டரோட ரெகுலேட்டர் 24ஐத் தாங்கும்னு நம்ப முடியாது. லாரில பேச்சும் ஜே1939 (கனரக வண்டிகளோட புரோட்டோகால்), அதைப் புரிஞ்சுக்கற அடாப்டரும் ஆப்பும் வேற.

அஸ்தம்பட்டி_ஹேட்ச்பேக்

6லயும் 14லயும் தகடு இருக்குங்க. புரோட்டோகாலைக் கையால வச்சதும் இணைஞ்சுடுச்சு. பி0302 (ரெண்டாவது சிலிண்டர்ல மிஸ்ஃபயர்), பி0300 (எந்த சிலிண்டர்னு குறிப்பிடாத மிஸ்ஃபயர்) ரெண்டும் பதிவாகியிருக்கு. ஃப்ரீஸ் ஃப்ரேம்ல லோடு 89%, ஆர்பிஎம் 1850, கூலன்ட் 96. லாங் டேர்ம் ட்ரிம் +3. அடுத்து என்ன?

ஏற்காடு_ரோடு

ட்ரிம் +3ன்னா பெட்ரோல் பக்கம் அனேகமா சரி. ரெண்டாவது சிலிண்டர்ல ஸ்பார்க்கைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

இன்ஜின் ஆறினதும் ரெண்டாவது காயிலை மூணாவதுக்கும் மூணாவதை ரெண்டாவதுக்கும் மாத்துங்க, பிளக்கைத் தொடாதீங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தினா எது குற்றவாளின்னு தெரியாது. இப்ப கோடை அழிக்கலாம், ஸ்கிரீன்ஷாட் இருக்கே. திரும்ப ஏத்தத்துல பி0303 வந்தா காயில். பி0302வே வந்தா பிளக்கை அதே மாதிரி இடம் மாத்திப் பாருங்க. அதுக்கும் நகரலைன்னா இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும், அது ஷெட் வேலை.

லைட் வரட்டும்னு காத்திருக்கவும் வேண்டாம். ஆப்ல மோட் 06 (இசியூவோட சோதனை முடிவுகள்) திறந்தா ஏ3 வரிசையில ரெண்டாவது சிலிண்டரோட மிஸ்ஃபயர் எண்ணிக்கை, ஏ4ல மூணாவதோடது இருக்கும், உங்க இசியூ அதைத் தந்தா. ஏத்தம் முடிஞ்சு இன்ஜினை அணைக்காம ஓரமா நிறுத்திப் பாருங்க.

பிளக்கைக் கழட்டும்போது குழிக்குள்ள எண்ணெய் இருக்கான்னும் பாருங்க. இருந்தா டேப்பெட் கவர் பக்கம் சீல் போயிருக்கு, புது காயில் போட்டாலும் அது திரும்ப கெடும். வேலை முடிஞ்சதும் அடாப்டரைக் கழட்டிடுங்க. சுமார் 40 மில்லி ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1 ஆம்பியர்-மணி போகும், ரெண்டு வாரம் வண்டி எடுக்கலைன்னா ஸ்டார்ட் ஆகாமலே போகலாம்.