மறுமொழி: எடிட்டிங், பப்ளிஷிங் இரண்டுக்கும் ஒரே 'பதிப்பு'தானா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எடிட்டிங், பப்ளிஷிங் இரண்டையும் தமிழில் 'பதிப்பு' என்றே சொல்கிறோமே, எடிட்டிங்குக்குத் தனிச்சொல் வேண்டாமா என்று ஓடும் இந்த இழையை இத்தனை நாளாக ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இழுத்துவிட்டவள் என் அண்ணன் மகள். எம்.ஏ. முடித்துவிட்டு மேற்கொண்டு என்ன படிக்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறாள். பிரிஸ்பேனில் இருக்கும் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஒரு முதுகலைப் படிப்பில் ஆசை. 'ரைட்டிங், எடிட்டிங் அண்டு பப்ளிஷிங்' என்று அதற்குப் பெயர். பாட்டி கேட்டார்களே என்று தமிழில் சொல்லிப் பார்த்திருக்கிறாள்: "எழுத்து, பதிப்பு, பதிப்பு." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் என்னிடம் வந்து, "சித்தப்பா, பதிப்பியல்னா ஓலைச்சுவடி படிக்கிறதுதானே?" என்றாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. நம் தமிழ்த் துறைகளில் சுவடியியலும் பதிப்பியலும் கைகோத்துத்தான் வருகின்றன. பல சுவடிகளை வைத்துக்கொண்டு, ஏட்டுக்கு ஏடு சொல் மாறும் பாடவேறுபாடு பார்த்து, மூலபாடத்தை நிறுவுகிற கலை அது. 1887இல் சீவக சிந்தாமணியைக் கொண்டுவந்த உ.வே.சா.வும், அதே ஆண்டில் கலித்தொகையைக் கொண்டுவந்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் அந்தப் பொருளில்தான் பதிப்பாசிரியர்கள். உயிரோடு இருக்கும் ஒரு நாவலாசிரியரிடம் "ஏழாவது அத்தியாயத்தைத் தூக்கிவிடுங்கள்" என்று சொல்கிறவருக்கும் அதே பட்டமா?

வேடிக்கை என்னவென்றால் 19ஆம் நூற்றாண்டில் இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. அக்காலப் புத்தகங்களின் முகப்புப் பக்கங்களைப் பாருங்கள். இன்னார் 'பரிசோதித்து', இன்ன அச்சுக்கூடத்தில் 'பதிப்பித்தது' என்று இருக்கும். ஏட்டைச் சரிபார்ப்பது ஒரு வேலை, அச்சில் ஏற்றுவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் தனித்தனி வினை. பிறகு பரிசோதனையை ஆய்வுக்கூடமும் ரத்தப் பரிசோதனை நிலையமும் எடுத்துக்கொண்டன. பதிப்பு தனியாக நின்று இரண்டு பாரத்தையும் சுமக்கிறது.

> பப்ளிஷிங்குக்கு 'வெளியீடு' என்று வைத்துக்கொண்டு, பதிப்பை எடிட்டிங்குக்கே விட்டுவிடலாமே?

தர்க்கப்படி சரி, நடக்காது. பதிப்பகம், பதிப்பாளர், பதிப்புரை, முதற்பதிப்பு என்று குடும்பமே குடியேறிவிட்டது. சென்னைப் புத்தகக் காட்சி நடத்தும் சங்கத்தின் பெயரிலேயே பதிப்பாளர் இருக்கிறார். யார் போய் அவர்களைப் பெயர்ப்பலகை மாற்றச் சொல்வது? வீட்டை விட்டு வெளியேற வேண்டியது எடிட்டிங்தான்.

எடிட்டரை 'ஆசிரியர்' என்றே சொல்லலாம் என்ற யோசனையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருவர், பத்திரிகையில் ஒருவர், நூலின் அட்டையில் ஒருவர் என்று ஏற்கெனவே மூன்று பேர் நிற்கிறார்கள். 'தொகுப்பு' சினிமாவுக்குப் போய்விட்டது. புத்தகத்தில் அது பல பேர் எழுதியதைச் சேர்த்துக் கட்டுவது.

> செம்மையாக்கம். அழகான சொல், சிலர் பயன்படுத்தவும் தொடங்கிவிட்டார்கள்.

அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு இரண்டு தயக்கம். சுவடிகளை ஒப்பிட்டுச் செய்யும் ஆய்வுப் பதிப்புக்குச் 'செம்பதிப்பு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பக்கத்திலேயே செம்மையாக்கம் வந்தால் அண்ணன் மகள் மறுபடியும் ஓலைச்சுவடிக்குப் போய்விடுவாள். இரண்டாவது, செம்மை என்பது வேலை முடிந்த பிறகு வாசகர் சொல்ல வேண்டியது. பக்கத்துக்கு நாலு பிழையோடு வரும் புத்தகத்திலும் 'செம்மையாக்கம்: இன்னார்' என்று போட்டால் பாவம், அந்த இன்னார்.

என் முன்மொழிவு: திருத்துகை. செய்பவர் திருத்துநர்.

"திருத்தம் என்றால் பிழையை நீக்குவது மட்டும்தானே, எழுத்தாளருக்குக் கோபம் வராதா?" என்று ஒருவர் முன்பே கேட்டிருந்தார். திருத்தமான முகம் என்கிறோம், திருத்தமாகப் பேசு என்கிறோம். அங்கே பிழை எங்கே இருக்கிறது? ஒழுங்கும் தெளிவும்தான் இருக்கின்றன. சட்டத் திருத்தம், திருத்திய பதிப்பு போன்றவற்றோடு மோதாமல் இருக்கத்தான் 'கை' விகுதி. திருத்தம் என்பது ஒரு மாற்றம். திருத்துகை என்பது தொழில். செய்கை, வருகை போல.

இந்த வினையை நான் விடாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவில் எடிட்டர்களுக்கென்றே ஒரு தொழிலமைப்பு இருக்கிறது, தேர்வு வைத்துச் சான்று தருகிறது. அங்கே இந்த வேலையை மூன்று தளமாகப் பிரிக்கிறார்கள். முதலாவது, நூலின் கட்டுக்கோப்பையே கலைத்து அடுக்குவது: எந்த அத்தியாயம் முன்னே, எது தேவையில்லை. இரண்டாவது, வரிவரியாகப் போவது. கோயிலா கோவிலா, ரயிலா இரயிலா. இரண்டாம் அத்தியாயத்தில் அண்ணனாக இருந்தவன் ஒன்பதாம் அத்தியாயத்தில் தம்பியானது எப்படி. இதையெல்லாம் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு நூல் முழுக்க ஒரே மாதிரி ஆக்குவது. மூன்றாவது, பக்கம் வடிவமைத்த பிறகு மெய்ப்பு, அதாவது ப்ரூஃப், பார்ப்பது. எழுத்துரு மாற்றியதில் ஒற்றைக்கொம்பு தனியாகக் கழன்று வரிக் கடைசியில் தொங்குவதை அங்கேதான் பிடிக்க வேண்டும்.

இப்போது தமிழைப் பாருங்கள். காடு திருத்துகிறோம், முடி திருத்துகிறோம், விடைத்தாள் திருத்துகிறோம். மூன்று தளமும் ஒரே வினைக்குள் ஏற்கெனவே இருக்கின்றன! கட்டமைப்புத் திருத்துகை, படித் திருத்துகை, மெய்ப்புத் திருத்துகை என்று பிரித்துக்கொண்டால் போதும். நடுவில் உள்ளதை முதலில் 'வரித் திருத்துகை' என்றுதான் வைத்திருந்தேன். வருமான வரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர் சிரித்த சிரிப்பில் மாற்றிவிட்டேன். படி என்றால் பிரதி. கையெழுத்துப்படி என்று சொல்வதுண்டல்லவா, அந்தப் படி.

> திருத்துநர் என்றதும் சலூன்தான் ஞாபகம் வருகிறது.

வரட்டுமே. நல்ல முடிதிருத்துநர் தலையை மாற்றுவதில்லை. நாற்காலியை விட்டு எழும்போது நம் முகம் நம்முடையதாகவே இருக்கிறது, கொஞ்சம் பார்க்கும்படியாக. எடிட்டரிடம் எழுத்தாளர் எதிர்பார்ப்பதும் அதைத்தானே?

இலங்கை நண்பர் ஒருவர் மெய்ப்புப் பார்ப்பவரைத் தங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் 'ஒப்புநோக்குநர்' என்பார்கள் என்று எழுதியிருந்தார். மூலத்தையும் அச்சுப்படியையும் அருகருகே வைத்துப் பார்க்கும் காட்சியே அந்தச் சொல்லில் இருக்கிறது. மூன்றாவது தளத்துக்கு என் சொல்லைவிட அது மேல். எடுத்துக்கொள்வோம், மெய்ப்புத் திருத்துகையை நான் திரும்பப் பெறுகிறேன்.

ஆக, குவீன்ஸ்லாந்துப் படிப்பு 'எழுத்து, திருத்துகை, பதிப்பு' ஆகிறது. நம் இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நடத்தும் புக் பப்ளிஷிங் முதுகலைப் பட்டயத்தை 'நூல் பதிப்புத் தொழில்' என்று சொல்லிவிடலாம். அதற்குள் எடிட்டிங்குக்கு இருக்கும் பாடம் திருத்துகை. சுவடியோடு சேர்ந்த பதிப்பியல் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

எனக்கே திருப்தியில்லாத இடம் ஒன்று மீதி இருக்கிறது. எந்த நூலை வாங்குவது, யாரை எழுதச் சொல்வது என்று முடிவெடுக்கிற எடிட்டர் இருக்கிறாரே, அவர் பேனாவைத் தொடாமலே எடிட்டர். அவரைத் திருத்துநர் என்றால் ஒட்டவில்லை. 'நூல்தேர்வர்' என்று எழுதிப் பார்த்தேன், தேர்வு எழுதப் போகிறவர் மாதிரி இருக்கிறது. பதிப்பகங்களில் வேலை பார்க்கும் நண்பர்கள் இந்தக் குழுமத்தில் இருக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்? 'சார்' என்று மட்டும் பதில் போடாதீர்கள்.