நீண்ட நேரம் உழைத்தும் உற்பத்தித்திறன் உயராதது ஏன்?

கேள்வி: பட்டறை மேற்பார்வையாளர், ஓசூர்

அனைவருக்கும் வணக்கம். வாகனத் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்களிடம் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் ஊத்தங்கரை, அரூர், பென்னாகரம் பக்கத்து இளைஞர்கள். அண்மைக்காலமாக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். 12 மணி நேர ஷிப்ட் வழக்கமாகிவிட்டது. ஆனாலும் மாதக் கடைசியில் அனுப்ப வேண்டிய எண்ணிக்கை எட்டுவதில்லை.

நம் ஆட்களிடம் வேலைப் பண்பாடு இல்லை என்பதே முதலாளியின் முடிவு. இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் சொன்னதை அவர் அடிக்கடி எடுத்துக்காட்டுவார். அதே ஆண்டு ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நம் சட்டப்பேரவையில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்படுவதாக மே தினத்தன்று அறிவிக்கப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். வளரும் நாடு ஒன்று முன்னேற நேரத்தைக் கூட்டுவதுதான் வழியா, அல்லது நாங்கள் பார்க்கத் தவறும் இடம் வேறு ஏதேனும் உண்டா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஓய்வு பெற்றவர், கிருஷ்ணகிரி

தம்பி, ஆட்களைப் பற்றி முடிவு கட்டுவதற்கு முன் ஒரு மெஷின் பக்கத்தில் முழு ஷிப்டும் நின்று, அது எப்போது நின்றது, எதற்காக நின்றது என்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நான் பார்த்த பட்டறைகளில் நடப்பது இதுதான். இன்செர்ட், அதாவது மெஷினில் உலோகத்தை வெட்டும் முனை, தேய்ந்துவிடும்; புதியது வேண்டுமென்றால் சீட்டு எழுதிச் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்; அவர் வேறு லைனில் இருப்பார்; கையெழுத்தோடு ஸ்டோருக்குப் போனால் சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருப்பார். ஒருவழியாக மாற்றி முதல் பீஸை ஓட்டி எடுத்தாலும், அதை அளந்து ஒப்புதல் தரும் இன்ஸ்பெக்டர் வரும்வரை மெஷினும் ஆளும் சும்மா நிற்க வேண்டியதுதான். தொலைவிலிருந்து பார்க்கிறவருக்கு அந்தப் பையன் கைகட்டி நிற்பது மட்டுமே தெரியும், அவனை நிற்க வைத்த ஏற்பாடு தெரியாது. இந்த ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு 8 மணி நேரத்தை 12 ஆக்கினால் காத்திருப்பும் சேர்ந்தே நீளும். கடைசி மணி நேரங்களில் களைப்பால் ரிஜெக்ஷனும், அதாவது அளவு தவறிக் கழிக்கப்படும் பீஸ்களும், ஏறும்.

மும்பைப் பகுதி நெசவாலைகளில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் புளூம் குழுவினர் செய்த ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். மெஷின் பராமரிப்பு, பழுதுகளைப் பதிவு செய்தல், சரக்கை ஒழுங்காக அடுக்கிக் கணக்கு வைத்தல் போன்ற சாதாரண நடைமுறைகளைக் கொண்டுவந்ததிலேயே முதலாண்டில் உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. தொழிலாளிகளின் குணத்தை யாரும் திருத்தவில்லை. அமெரிக்கத் தரக்கட்டுப்பாட்டு நிபுணர் டெமிங் 1950இல் ஜப்பானியர்களுக்குச் சொன்னதும், குறைகளில் பெரும்பகுதி அமைப்பைச் சார்ந்தது, அதை மாற்றும் பொறுப்பு நிர்வாகத்துடையது என்பதுதான். அவர் பெயரில் ஜப்பான் வழங்கும் விருதை 2002இல் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் பெற்றது. அதன் ஓசூர் ஆலையில் வேலை செய்தவர்களும் இதே மண்ணின் பிள்ளைகள்தாம். இங்குள்ளவர்களுக்கு வேலைப் பண்பாடு வராது என்ற பேச்சை அதனால்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

ஜெர்மனியில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மணி நேரத்திற்கும் குறைவாகவே வேலை செய்கிறார் என்பதையும் உங்கள் முதலாளியிடம் சொல்லிப் பாருங்கள்.

பதில் 2: தக்காளி விவசாயி, பாலக்கோடு

ஐயா சொன்னது வயலுக்கும் பொருந்தும். 2004இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் துல்லியப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியது நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில்தான். மூன்று ஆண்டுகளில் 400 ஹெக்டேர். மானியம் முதலாண்டு முழுமையாகவும், அடுத்து 90, பிறகு 80 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது; அப்படியும் விவசாயிகள் தாமாகப் பணம் போட்டுச் சேர்ந்தார்கள். குழித்தட்டு நாற்று, சொட்டுநீர்க் குழாய் வழியாகவே உரம், வயலுக்கு நேரில் வந்து பார்த்த விஞ்ஞானிகள் என எல்லாம் சேர்ந்து விளைச்சலைக் கூட்டின. வாய்க்காலில் மடை திருப்பி விடிய விடிய நின்ற உழைப்பு குறைந்தது, காய் பெருத்தது.

ஆனால் ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லார் வயலிலும் ஒரே வாரத்தில் காய் வந்துவிட்டால், ராயக்கோட்டை மண்டியில் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாத விலைதான் கிடைக்கும். உற்பத்தி கூடியதன் பலன் உழைத்தவன் கைக்கு வராவிட்டால் அடுத்த பருவத்தில் அவனுக்கு எங்கிருந்து ஊக்கம் வரும்? அந்தத் திட்டத்தில் விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்து, விற்பனையையும் அவர்கள் பொறுப்பில் விட்டது அதனால்தான் சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

பதில் 3: கிராம சுகாதாரச் செவிலியர், பென்னாகரம்

மேலே எழுதிய இருவரும் ஏற்பாட்டைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள். அந்த ஏற்பாட்டுக்குள் நிற்கும் உடம்பைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் பகுதியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பல்லில் கறை விழுவதோடு நிற்காது. நாளாவட்டத்தில் முதுகும் மூட்டும் இறுகிப்போகும். குனிந்து களை எடுக்க முடியாத ஒரு பெண்ணைச் சோம்பேறி என்று பிறர் ஏசுவதைக் கேட்டிருக்கிறேன். ஜப்பானியக் கடனுதவியுடன் 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை, இந்த இரு மாவட்டங்களின் உற்பத்தித்திறனுக்காகச் செய்த மிகப் பெரிய முதலீடுகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகளில், வெப்பம் உமிழும் பழைய விளக்குகளை மாற்றி எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தியபோது, கடும் வெப்ப நாள்களில் சரிந்துவந்த உற்பத்தி பெருமளவு மீண்டதை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். அண்ணா, சித்திரை வெயிலில் உங்கள் பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே எவ்வளவு வெப்பம் இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்பதையும் அந்த நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஐயா, நோட்டுப் போடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் ஓர் அச்சம்: மெஷின் நின்ற காரணத்தை எழுதச் சொன்னால், அதைக் காட்டித் தங்கள் கூலியைப் பிடிப்பார்கள் என்று பையன்கள் உண்மையை மறைக்க மாட்டார்களா?

பதில் 1 எழுதியவர்

மறைப்பார்கள், அவர்கள் அஞ்சுவதிலும் நியாயம் இருக்கிறது. 1955இல் ஜப்பான் உற்பத்தித்திறன் மையத்தைத் தொடங்கியபோதே, இதனால் யாருக்கும் வேலை போகக் கூடாது, தொழிலாளரைக் கலந்தே எதையும் செய்ய வேண்டும், பலனை நியாயமாகப் பகிர வேண்டும் என்று மூன்று கொள்கைகளை அறிவித்தார்கள். உங்கள் நோட்டில் ஆளின் பெயருக்கு இடமே வைக்காதீர்கள். மெஷின் எண், நின்ற நேரம், காரணம், இவை போதும். முதல் வாரம் எழுதிய காரணங்களில் ஒன்றையாவது, ஸ்டோர் சாவியை ஷிப்டிலேயே ஒருவரிடம் கொடுப்பது போன்ற சிறியதையாவது, அடுத்த வாரமே சரிசெய்து காட்டுங்கள். அதற்கு முதலாளியின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டு நோட்டைத் தொடங்குங்கள்.