டர்பனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பிள்ளைகள் கையில் மெட்டல் டிடெக்டர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வந்து இறங்கியதும் வாடகை வீடு, பள்ளிக்கூடம், கார் எல்லாம் முன்னே பின்னே நடந்துவிடும். யாரும் சொல்லித் தராதது சனிக்கிழமை காலை. ஊரில் என்றால் பிள்ளைகள் தெருவில் இறங்கிவிடுவார்கள், சாப்பாட்டு வேளைக்குத்தான் தேடுவோம். இங்கே உயர்ந்த சுவர், அதன்மேல் மின்வேலி, வாசலில் கேட். பிள்ளைகள் டேப்லெட்டோடு சோபாவில் சாய்ந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அவர்களை எழுப்பி வெளியே கொண்டுவந்தது, மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைச் சத்தம் போட்டுக் காட்டும் மெட்டல் டிடெக்டர்தான். போன வாரம் இரண்டு பேர் இதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் செய்த தப்பு. ஒரு மாலில், அட்டைப்பெட்டியில் கடற்கொள்ளையர் படம் போட்ட பொம்மைக் கருவி ஒன்றை வாங்கினேன். ஐந்து ராண்ட் நாணயத்தை நாலு விரல் ஆழத்தில் புதைத்தால் அதற்குக் காதே கேட்காது. இரண்டே நாளில் மகன் அதைக் கிரிக்கெட் மட்டையாக்கிவிட்டான். அதை வாங்குவதற்குப் பதில், பெரியவர்களுக்கான ஆரம்பநிலைக் கருவி ஒன்றைப் பழசாகவாவது வாங்குங்கள். எடை 1.2 கிலோவை ஒட்டி இருக்கட்டும். தண்டைப் பிள்ளையின் உயரத்துக்குக் குறைக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். அப்படி இருந்தும் ஏழு வயதுக் கைக்கு இருபது நிமிடத்தில் வலி வந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் ஒருவர் வீச, ஒருவர் தோண்ட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம். சண்டை இல்லாமல் நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

கடற்கரைக்கு ஓடும் முன் வீட்டுப் புல்வெளியிலேயே காதைப் பழக்குங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஓர் ஆணி, சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாள், கோக் டப்பாவின் வளையம், இரண்டு ராண்ட், அம்மாவின் மோதிரம் ஆகிய ஐந்தையும் வரிசையாக வைத்து, பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, கருவியின் அடியில் வட்டமாக இருக்கும் கம்பிச்சுருளை, அதாவது ‘காயிலை’, மேலே மெதுவாக ஓட்டுங்கள். ஆணிக்கு உறுமல். இரண்டு ராண்டுக்குத் தெளிவான உயர்ந்த மணி. டப்பா வளையத்துக்கும் மோதிரத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே குரல். இங்கேதான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். என் சின்னவள், “அப்போ தங்கமும் குப்பையும் ஒரே மாதிரி பேசுமா அப்பா?” என்றாள். ஆமாம், பேசும். காயிலில் மாறி மாறி ஓடும் மின்சாரம் ஒரு காந்தப்புலத்தை எழுப்புகிறது. அது உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்ப, அந்த மின்னோட்டம் எழுப்பும் எதிர்ப்புலத்தைத்தான் கருவி கேட்கிறது. உலோகத்தின் பெயரெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால் குப்பையை ஒதுக்கும் பொத்தானைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுக்காதீர்கள். இங்கே ஐம்பது சென்ட் வரைக்குமான சில்லறை எஃகின்மேல் பூச்சுப் பூசியது. இரும்பை ஒதுக்கினால் பாதிச் சில்லறையும் சேர்ந்து போய்விடும்.

ஒரு காந்தத்தையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு சிட்டுக்குருவி போட்ட பழைய ஒரு சென்ட் கிடைத்தால் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 1990க்கு முந்தையது வெண்கலம், ஒட்டாது. பிந்தையது தாமிரம் பூசிய எஃகு, ஒட்டிக்கொள்ளும். ஒரு சென்டும் இரண்டு சென்டும் 2002இல் நின்றுபோயின, ஐந்து சென்ட் 2012இல். கடையில் இப்போது புழங்காத காசு என்பதாலேயே பிள்ளைகளுக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

கடற்கரையில் காய்ந்த மணலோடு நின்றுகொள்ளுங்கள். ஈர மணலில் உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால் சாதாரண ஒற்றை அலைவரிசைக் கருவி ஒன்றுமில்லாமலே கத்தும். கறுப்புக் கோடாகப் படிந்த கனிம மணலிலும் அதே கதை. முதல் நாள் எங்கள் கருவி போட்ட கூச்சலில், மீன் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தூண்டிலை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். காயில் மணலிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், மட்டமாக, ஊஞ்சல் போல நுனியில் தூக்காமல் போக வேண்டும். குழி பிள்ளையின் முழங்காலைத் தாண்டக் கூடாது. மணல் சரிந்தால் விளையாட்டு இல்லை. தோண்டியதை மூடாமல் ஓர் அடி நகரக் கூடாது. மணல்மேட்டுச் செடிகள் பக்கம் போகவே வேண்டாம். கையுறை கட்டாயம், மணலில் ஊசியும் உடைந்த கண்ணாடியும் இருக்கும். ஹெட்ஃபோன் ஒரு காதில் மட்டும் இருக்கட்டும், மற்றக் காது ஆள் வருகிறதா என்று கேட்க. உயிர்காப்பாளர் நிற்கிற, நாலு பேர் நடக்கிற கடற்கரையில், இரண்டு மூன்று குடும்பமாகப் போங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும், எட்டு மணிக்குள் திரும்பிவிடலாம். புத்தாண்டுக் கூட்டம் கலைந்த மறுநாள் காலைக்கு ஈடு கிடையாது. துருப்பிடித்த பீரங்கிக் குண்டு மாதிரி ஏதாவது தென்பட்டால் தொடாமல் விலகி, காவல்துறையின் 10111க்கு அழையுங்கள்.

இனி, இந்த ஊருக்கே உரிய ஒன்று. உம்கேனி ஆறு கடலில் சேரும் ப்ளூ லகூன் பக்கம் நம் மக்கள் அஸ்தி கரைக்கவும் பூஜை செய்யவும் வருவார்கள். ஒருநாள் சின்னவளின் கருவியில் அருமையான மணி. தோண்டினாள். பாதி உடைந்த அகல், தேங்காய் ஓடு, அதன் நடுவே மூன்று ஒரு ராண்ட் நாணயங்கள். ஒன்றில் மஞ்சள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் குதிக்க, எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. யாரோ தங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வைத்துவிட்டுப் போன காசு. அன்றிலிருந்து வீட்டில் ஒரே விதி: தொலைந்தது தேடலாம், படைத்தது தொடக் கூடாது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அந்தத் திசையிலிருந்தே நகர்ந்துவிட்டோம். மோதிரம், சங்கிலி கிடைத்தால் அதற்கும் சொந்தக்காரர் உண்டு, காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது வகை, புதைந்தது. இங்கேதான் சட்டம் கடுமை. 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் தேசிய மரபுவளச் சட்டப்படி, மண்ணில் கிடக்கும் நூறு வயது தாண்டிய பொருள்கள் அரசின் சொத்து. கப்பல் சிதைவுகளுக்கு அறுபது வயதே போதும். தொல்லியல் இடத்துக்குள் அனுமதியில்லாமல் டிடெக்டரைக் கொண்டுபோவதே குற்றம், தோண்ட வேண்டும் என்றுகூட இல்லை. எனக்கு இது தெரியாது. 1879 ஜனவரி 22இல் ஆங்கிலேயருக்கும் சூலுக்களுக்கும் சண்டை நடந்த இசான்ட்ல்வானாவைப் பார்க்கப் போனபோது கருவி கார் டிக்கியிலேயே கிடந்தது. எட்டிப் பார்த்த ஒருவர் பிள்ளைகள் முன்னாலேயே என்னைச் சரியாகத் திட்டித் தீர்த்தார். அங்கே வெள்ளையடித்த கற்குவியல் ஒவ்வொன்றின் அடியிலும் மனிதர்கள் கிடக்கிறார்கள். கோபம் நியாயம்தான். போயர் போர்க்களமான ஸ்பியன்கோப் போனாலும் கருவியை வீட்டில் வைத்துவிட்டு, கதையை மட்டும் எடுத்துப் போங்கள். 1900 ஜனவரியில் காந்தியோடு காயம்பட்டவர்களைச் சுமந்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். மெட்ராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16இல் வந்ததிலிருந்து தொடங்கும் கதை அது. கரும்புத் தோட்டத்துப் பழைய லைன் வீடுகள் இருந்த இடமும் விளையாடும் இடம் இல்லை. டர்பன் இருக்கும் குவாசுலு நடால் மாகாணத்தில் சந்தேகம் வந்தால், மாகாண மரபுவள அமைப்பான அமாஃபாவிடம் கேளுங்கள்.

புதையல் ஆசையைக் கதையால் தீர்த்துவிடலாம். மெட்ராஸிலிருந்து புறப்பட்டு, திருகோணமலையில் நின்று, இங்கிலாந்துக்குப் போன ‘க்ரோஸ்வெனர்’ கப்பல் 1782 ஆகஸ்டில் டர்பனுக்குத் தெற்கே போண்டோலாந்துக் கரையில் உடைந்தது. பின்னாளில் அந்தக் கரையில் பொறுக்கிய காசுகளில் நம்மூர்த் தங்கக் காசான நட்சத்திர வராகனும் உண்டு. என் மகன் அந்தக் காசின் படத்தை வரைந்து கருவியின் தண்டில் ஒட்டியிருக்கிறான். அந்தக் கரையில் தேடக் கூடாது என்பதும் அவனுக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு ஆயாவுக்கு மெரேபேங்கில் பழைய குடும்ப வீடு. அவர் அனுமதியோடு கொல்லையில் கிணற்றடியைத் தேடியதில் பத்து சென்ட் அளவில் கறுத்த மெல்லிய நாணயம் ஒன்று வந்தது. புல்லை மூன்று பக்கம் வெட்டி, மூடியைப் போலத் திறந்து, எடுத்தபின் அப்படியே அமுக்கிவிட்டோம். 1943. ஆயா கண்ணருகே வைத்துப் பார்த்து, “டிக்கி!” என்றார். பிள்ளைகள் உடனே காரைத் திரும்பிப் பார்த்தார்கள். நமக்கு டிக்கி என்றால் கார் பின்பெட்டிதானே. இங்கே அது 1961இல் ராண்ட் வரும் முன் ஓடிய மூன்று பென்ஸ் வெள்ளிக் காசு. தெருத் தொலைபேசிக்கே இவர்கள் ‘டிக்கி பாக்ஸ்’ என்றுதான் பெயர் வைத்திருந்தார்களாம். அதற்கு அந்தக் காலத்தில் என்னென்ன மிட்டாய் வாங்கலாம் என்று ஆயா ஆரம்பித்தார். அரை மணி நேரம் டிடெக்டர் படியில் சாய்ந்தே கிடந்தது. காசு அவர் வீட்டு மண்ணில் கிடைத்தது, அவரிடமே கொடுத்துவிட்டோம். இப்போது அவர் பூஜை அலமாரியில் இருக்கிறது.

வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நாங்கள் மூன்று குடும்பம் பேட்டரி பீச்சில் இருப்போம். கருவி இல்லாதவர்களும் வாருங்கள், தோண்ட ஆள் எப்போதும் குறைவு. கையுறையும் தொப்பியும் பிள்ளைகளுக்குத் தண்ணீரும் உங்கள் பொறுப்பு. இட்லி எங்கள் பொறுப்பு.