மறு: எதிர்பூஞ்சையா, எதிர்ப்பூஞ்சையா?

நீடாமங்கலத்திலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் மண் மெழுகு பதத்தில் இருக்கும்போதே உளுந்து விதை தெளிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குள் விதை நேர்த்தித் துண்டறிக்கை அச்சுக்குப் போக வேண்டும். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி, வேரழுகலுக்கு. போன வருடம் அதை ‘உயிரியல் பூஞ்சாணக்கொல்லி’ என்று போட்டோம். எங்கள் தெருக்காரர் ஒருவர், கொல்லியோடு கொல்லி சேர்ந்தால் நல்லதுதானே என்று பூஞ்சையைக் கொல்லும் ரசாயன மருந்தான கார்பன்டாசிமையும் கலந்துவிட்டார். விரிடியே பூஞ்சை, அது பிழைக்குமா? ‘எதிருயிரி’யை ஆன்டிபயாடிக்குக்குக் கொடுத்தாயிற்று. நோய்ப் பூஞ்சையை எதிர்க்கும் இந்தப் பூஞ்சைக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து:
எதிர்ப்பூஞ்சை.

மன்னார்குடியிலிருந்து:
ஐயா, ஒற்று மிகாது. எதிர்க்கின்ற பூஞ்சை, வினைத்தொகை. எதிர்காலம் போல எதிர்பூஞ்சை. ‘ப்’ வந்தால் பூஞ்சைக்கு எதிரான மருந்து என்றாகிவிடும். மறுபடி அதே கார்பன்டாசிம் கதைதான்.

கும்பகோணத்திலிருந்து:
எதிர்க்கட்சிக்கு ‘க்’ போடுகிறோமே, அது கட்சிக்கு எதிரான மருந்தா? அதுவும் ஒரு கட்சிதானே!

தஞ்சாவூரிலிருந்து:
ஒற்று இருக்கட்டும். பூஞ்சை என்ற சொல்லே சரியா? நோஞ்சானைப் ‘பூஞ்சை உடம்பு’ என்கிறோம். காவலுக்கு வருகிறவனுக்கு அந்தப் பெயரா? ஆம்பி என்ற பழஞ்சொல் இருக்கிறது. புறநானூறு 164இல் அடுப்பில் ‘ஆம்பி பூப்ப’ என்று வருகிறது. வேர்க்காப்பாம்பி என்று வைக்கலாம்.

நீடாமங்கலத்திலிருந்து:
அம்மா, அது சோறு பொங்காத அடுப்பு. தவிர, வேகமாகப் படித்தால் கடைசியில் பாம்பு தெரிகிறது.

மயிலாடுதுறையிலிருந்து:
தாவர நோயியல் வகுப்பு எடுக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இது வெறுமனே எதிர்ப்பதில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் வேரழுகல் பூஞ்சையான ரைசோக்டோனியாவின் இழைமேல் அவரைக்கொடி மாதிரி சுற்றிக்கொண்டு, நொதியைச் சுரந்து சுவரைக் கரைத்து உறிஞ்சுகிறது. வைண்ட்லிங் என்ற ஆய்வாளர் 1932இலேயே எழுதிவிட்டார். எனவே பூஞ்சையுண்ணி.

கும்பகோணத்திலிருந்து:
உண்ணி என்றதும் எங்கள் ஊரில் மாட்டுக் காதைத்தான் பார்ப்பார்கள்.

தஞ்சாவூரிலிருந்து:
டிரைக்கோடெர்மா என்றால் கிரேக்கத்தில் மயிர்த்தோல். விரிடி லத்தீனில் பச்சை. அப்படியே பெயர்த்தால்...

நீடாமங்கலத்திலிருந்து:
வேண்டாம் அம்மா. உரக்கடையில் எல்லாரும் ‘விரிடி’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். ஆறின வடிகஞ்சியில் விதையைப் பிசறி, தூளைத் தூவிப் புரட்டி, நிழலில் உலர்த்தத் தெரிந்தவர்களுக்கு நம் சொல் எதற்கு என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் கொல்லி மட்டும் வரக்கூடாது. மூன்று பேர் தனிமடலில் ‘காப்புப்பூஞ்சை’ போதும் என்கிறார்கள். எனக்கும் அலுத்துவிட்டது. பக்கத்தில் விரிடி என்றும் சேர்த்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். கீழே கொட்டை எழுத்தில், ‘மருந்தோடு கலக்காதீர்கள்’.

மன்னார்குடியிலிருந்து:
சரி, அச்சாகட்டும். என் வாக்கு எதிர்பூஞ்சைக்கே. ஒற்று இல்லாமல்.