உதவி: கூடுவாஞ்சேரி டு அம்பத்தூர் டெய்லி எப்படி போறது? பார்க் ஸ்டேஷன்ல மாறுறதுல லேட் ஆகுது

கூடுவை_பிரபு:
வணக்கம் நண்பர்களே, புதுசா அம்பத்தூர்ல வேலை, திங்கள்ல இருந்து போறேன், லோக்கல் ட்ரெயின்ல பார்க் ஸ்டேஷன் வரைக்கும் வந்து அங்க இறங்கி சென்ட்ரல் பக்கம் ஓடி அம்பத்தூர் வண்டி புடிக்கிறேன், நான் போய் சேரவும் வண்டி கிளம்பவும் சரியா இருக்கு, டெய்லி லேட். வேற ரூட் இருக்கா? பஸ் ஓகேவா? அவசரம், சூப்பர்வைசர் முறைக்கிறார்.

லோக்கல்_ராஜா:
அம்பத்தூர்னா எங்க ப்ரோ? ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கமா, தொழிற்பேட்டை எஸ்டேட்டா? ரெண்டுக்கும் ரூட்டே வேற. எத்தனை மணிக்கு உள்ள இருக்கணும்?

ஆவடி_அக்கா:
தம்பி, பார்க்ல எறங்காதீங்க. நேரா பீச் ஸ்டேஷன் போயிடுங்க. அங்க இருந்து ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் போற வண்டி கொஞ்சம் கிளம்புது, ராயபுரம் வழியா சுத்திக்கிட்டு போகும். பீச்லயே கிளம்புறதால உக்காந்துட்டு போலாம், ரோடு கிராஸ் பண்ற வேலையும் இல்ல. நான் வருஷக்கணக்கா இப்படித்தான்.

தண்டவாளம்:
முதல்ல லைன் மேப்பை ஒரு தடவை பாத்துட்டு கேள்வி கேட்டா எல்லாருக்கும் நல்லது. இதே கேள்வி இங்க மாசத்துக்கு ஒண்ணு வருது. தெற்கு லைன் பீச்-தாம்பரம்-செங்கல்பட்டு. மேற்கு லைன் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் (சென்ட்ரலை ஒட்டி இருக்கிற லோக்கல் ஸ்டேஷன்)-ஆவடி-அரக்கோணம். ரெண்டும் சேர்ற இடம் எங்கன்னு தெரியாமலே வேலைக்கு சேர்ந்துட்டு அப்புறம் லேட்டுன்னா என்ன சொல்றது? நீங்க ஏறுறது ஃபாஸ்டா ஸ்லோவா, அதையாவது சொல்லுங்க.

லோக்கல்_ராஜா:
அண்ணே, அவர் பார்க்ல மாறுறேன்னு தெளிவாதான் எழுதியிருக்கார். மேப் தெரியாதவர் எப்படி மாறுவார்.

தண்டவாளம்:
தெரிஞ்சு மாறுறது வேற, பழக்கதோஷத்துல மாறுறது வேற.

வடசென்னை_வாசி:
அக்கா சொல்ற பீச் ஐடியா சாயங்காலம் ஓகே, காலைல ஆகாது. பீச்ல இருந்து மேற்கு பக்கம் போற வண்டி எண்ணிக்கை கம்மி, ஒண்ணு விட்டா அடுத்ததுக்கு காத்துக்கிடக்கணும். மூர் மார்க்கெட்ல இருந்துன்னா ஒண்ணு போனா அடுத்தது வந்துடும். பிரபு, பார்க்லயே மாறுங்க, ஆனா மேல ரோட்ல வராதீங்க. மெட்ரோவுக்காக கட்டின சப்வே இருக்கு, அதுல இறங்குனா பூந்தமல்லி ஹைரோடு சிக்னலே வேண்டாம், அப்படியே மறுபக்கம் வந்துடலாம். நேரா சென்ட்ரல் பெரிய பில்டிங்குக்குள்ள போகாதீங்க, ரிப்பன் பில்டிங் பக்கம் திரும்புங்க, லோக்கல் அங்கதான். நிறைய பேர் எக்ஸ்பிரஸ் பிளாட்பாரத்துல போய் நின்னுக்கிட்டு போர்டை தேடுவாங்க. இன்னொண்ணு, செங்கல்பட்டு வண்டில எந்தப் பெட்டில ஏறுனா பார்க்ல படிக்கட்டுக்கு நேரா இறங்கலாம்னு ரெண்டு நாள் பாத்து வெச்சுக்கோங்க. அந்தப் படிக்கட்டுல கூட்டத்துக்குப் பின்னாடி மாட்டுனா அங்கயே அஞ்சு நிமிஷம் போச்சு.

ஆவடி_அக்கா:
கம்மினாலும் டைம் தெரிஞ்சா போதும்ல. ஓடி வேர்த்து நிக்கறதுக்கு உக்காந்து போறது மேல்.

வடசென்னை_வாசி:
நேரத்துக்கு கம்பெனி கேட்டைத் தாண்டணும்னா உக்காந்து என்ன பண்றது அக்கா.

மெட்ரோ_மச்சி:
ரெண்டு பேரும் 1856லயே நிக்கிறீங்க, ராயபுரம் ஸ்டேஷன் திறந்த வருஷம். எதுக்கு பார்க் வரைக்கும் வரணும்? பரங்கிமலைல இறங்கு, ஒட்டியே மெட்ரோ ஸ்டேஷன், பச்சை லைன்ல ஏறு, வடபழனி, கோயம்பேடு தாண்டி திருமங்கலம். அங்க இறங்கி எஸ்டேட் பக்கம் போற பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ. ஊரை சுத்தி பேசின் பிரிட்ஜ், பெரம்பூர், வில்லிவாக்கம்னு போறதுக்கு இது குறுக்கு வழி.

லோக்கல்_ராஜா:
எஸ்டேட்டா இருந்தாதான் அது சரி. ஓ.டி.ன்னா திருமங்கலத்துல இறங்கி மறுபடி பஸ்ல நெரிசல்ல நிக்கணும், ட்ரெயினே பெட்டர். அதான் முதல்லயே கேட்டேன். பிரபு இருக்கீங்களா?

கூடுவை_பிரபு:
சாரி வேலைல இருந்தேன். எஸ்டேட்தான். ஜெனரல் ஷிப்ட் 9 மணி. அம்பத்தூர் ஸ்டேஷன்ல இறங்கி திரும்ப ஷேர் ஆட்டோல பின்னாடி வரேன்.

லோக்கல்_ராஜா:
அட. இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். எஸ்டேட்டுக்கு அம்பத்தூர் ஸ்டேஷன் எதுக்கு? அதுக்கு முன்னாடியே பட்டரவாக்கம்னு ஒரு ஸ்டேஷன் இருக்கே, கொரட்டூர் தாண்டினதும். எஸ்டேட்டோட வடக்குப் பக்கம் அங்க இருந்து பக்கம்தான். ஃபாஸ்ட் வண்டில ஏறிடாதீங்க, நிக்காது. கம்பெனி எந்தப் பக்கம், பட்டரவாக்கம் பக்கமா, முகப்பேர் பக்கமா?

தண்டவாளம்:
பாத்தீங்களா. கேள்வியே தப்பா இருந்தா பதில் எப்படி சரியா வரும். பேசின் பிரிட்ஜ் தாண்டினதும் கும்மிடிப்பூண்டி லைன் பிரியும், அவசரத்துல அந்த வண்டில ஏறி கொருக்குப்பேட்டைல முழிச்ச ஆளுங்களையும் பாத்திருக்கேன். நல்லவேளை இவர் அது பண்ணல.

சேலையூர்_சிவா:
யாருமே பஸ் பத்தி பேசல? அவர் பஸ் ஓகேவான்னு கேட்டிருக்கார். பெருங்களத்தூர்ல இருந்து பைபாஸ் மதுரவாயல் வழியா அம்பத்தூர் பக்கமாதான் போகுது. தாம்பரத்துல இருந்து பைபாஸ் மேல எஸ்டேட் போற எம்டிசி பஸ் இருக்கு. ட்ராஃபிக் இல்லாட்டி அடிச்சுக்க ஆளில்ல.

வடசென்னை_வாசி:
"ட்ராஃபிக் இல்லாட்டி". காலைல எட்டு மணிக்கு மதுரவாயல் பக்கம் போய் பாருங்க சிவா.

சேலையூர்_சிவா:
ட்ரெயின்ல மட்டும் மிதந்துக்கிட்டா வராங்க? ஏசி லோக்கல் வேணும்னா சொல்லுங்க, அதுல வேணா மிதக்கலாம்.

மெட்ரோ_மச்சி:
ஏசி லோக்கல் 2025 ஏப்ரல்ல இருந்து ஓடுது. குறைஞ்ச டிக்கெட்டே 35 ரூபா, பீச்-செங்கல்பட்டு 105. சாதா சீசன் டிக்கெட்டை காட்டி அதுல ஏற முடியாது பிரபு, தனி சீசன் எடுக்கணும், சும்மா ஏறி ஃபைன் கட்டாதீங்க.

ஆவடி_அக்கா:
105 ரூபா குடுத்து லோக்கல்ல போறவங்க எத்தன பேரு? அந்த டைம்ல ரெண்டு சாதா வண்டி விட்டா படில தொங்கிட்டு வர்ற பசங்க உள்ள வருவாங்க.

மெட்ரோ_மச்சி:
அக்கா, அதுல கதவு தானா மூடும். படில தொங்குற பிரச்சனையே இல்லாம பண்ணத்தான் அது.

ஆவடி_அக்கா:
கதவு மூடுனா மிச்ச ஜனம் பிளாட்பாரத்துலதானே நிக்கும்? கூட்டம் எங்க போகும்?

தண்டவாளம்:
பீச்-தாம்பரம் மின்சார வண்டி 1931ல மீட்டர்கேஜ்ல ஓட ஆரம்பிச்சது. அப்போ இருந்தே கூட்டம்தான். ஏசி வந்தா கூட்டம் குறையும்னு யாரும் சொல்லல, வசதி வேணும்கிறவன் காசு குடுக்கட்டும், அவ்ளோதான்.

சேலையூர்_சிவா:
வசதி வேணும்கிறவன் ஓலா புடிப்பான் சார், லோக்கல்ல எதுக்கு.

தண்டவாளம்:
செங்கல்பட்டுல இருந்து டெய்லி ஓலா புடிச்சு பாருங்க, சம்பளத்துல என்ன மிஞ்சும்னு சொல்லுங்க.

லோக்கல்_ராஜா:
ஏசி சண்டைக்கு தனியா இழை போடுங்கப்பா. பிரபு, நீங்க கம்பெனி எந்தப் பக்கம்னு இன்னும் சொல்லல. சீசன் எடுத்தாச்சா?

கூடுவை_பிரபு:
முகப்பேர் பக்கம் கேட். சீசன் இன்னும் இல்ல, மொபைல் ஆப்ல டெய்லி டிக்கெட் எடுக்கிறேன். அதுவும் சில நாள் பிளாட்பாரம் வந்தப்புறம் புக் ஆக மாட்டேங்குது.

வடசென்னை_வாசி:
தண்டவாளத்துக்கு பக்கத்துல நின்னா ஆப்ல புக் ஆகாது. வெளியவே எடுத்துடணும். இல்லாட்டி ஸ்டேஷன்ல ஒட்டியிருக்கிற க்யூஆரை ஸ்கேன் பண்ணி எடுங்க. சீசன் எடுத்தா இந்த தொல்லையே இல்ல, கிட்டத்தட்ட 15 சிங்கிள் டிக்கெட் காசுல மாசம் ஓடிடும்.

மெட்ரோ_மச்சி:
முகப்பேர் பக்கம்னா கேஸ் முடிஞ்சது. கூடுவாஞ்சேரி டு பரங்கிமலை மட்டும் சீசன் எடு, மெட்ரோவுக்கு தனியா கார்டு வாங்கு. திருமங்கலம்தான்.

ஆவடி_அக்கா:
மெட்ரோவுக்கு மாசம் எவ்ளோ ஆகும்னு கணக்கு போட்டியா தம்பி? தெனம் போக வர, அது போக பஸ்ஸு. பட்டரவாக்கம்னா ஒரே சீசன்ல முடிஞ்சுது.

மெட்ரோ_மச்சி:
லேட்டுக்கு சம்பளத்துல புடிக்கிறதை விட கம்மி.

லோக்கல்_ராஜா:
அக்கா சொல்றதுலயும் பாயிண்ட் இருக்கு. ஒரு வாரம் ரெண்டும் போய் பாருங்க பிரபு, டிக்கெட்லயே போங்க, அப்புறம் சீசன். ஞாயித்துக்கிழமை வேலை இருந்தா வண்டி கம்மி, அந்த அட்டவணை வேற, ஞாபகம் வெச்சுக்கோங்க. வாரக்கடைசில லைன்ல வேலைன்னு வண்டி கேன்சல் பண்ணுவாங்க, அதையும் முன்னாடியே பாத்துடுங்க.

கூடுவை_பிரபு:
மவுண்ட் (பரங்கிமலை) - திருமங்கலம் போய் பாத்தேன், ஒன்பதுக்கு முன்னாடியே கேட்டுக்குள்ள போயிட்டேன். நன்றி எல்லாருக்கும். அடுத்த வாரம் செகண்ட் ஷிப்ட் போடுறாங்களாம், திரும்பி வர்றதுக்கும் இதே ரூட் ஓகேதானே?

லோக்கல்_ராஜா:
மெட்ரோ ராத்திரி 11 மணி வாக்குலதான் முடியும், ஆனா மவுண்ட்ல இருந்து கூடுவாஞ்சேரி தாண்டி போற லோக்கல்தான் முக்கியம். தாம்பரத்தோட நிக்கிற வண்டி நிறைய, செங்கல்பட்டு வண்டியா பாத்து ஏறணும். ஷிப்ட் எத்தனை மணிக்கு விடுறாங்க?

தண்டவாளம்:
மறுபடியும் அதே கதை. டைம் போடாம கேள்வி.

லோக்கல்_ராஜா:
பிரபு?

ஊரப்பாக்கம்_ரவி:
இங்கயே கேட்டுக்கிறேன், ஊரப்பாக்கத்துல இருந்து சிறுசேரி போக ட்ரெயின்ல எங்க இறங்கணும்? வேளச்சேரியா?

தண்டவாளம்:
புது இழை போடுங்க. எத்தனை மணிக்கு போகணும்னும் சேர்த்து எழுதுங்க.